அண்ணன் பெயரில் வந்த ரத்தம்

போன வாரம், அண்ணன் தன் பெல்ட்டில் ஐந்தாவது ஓட்டையை ஆணியால் குத்திக்கொண்டிருந்த இடத்தில் விட்டிருந்தோம். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அண்ணன் லிப்ட் மெக்கானிக். பத்து வருடமாகச் சர்க்கரை. ஐந்து மாதத்துக்கு முன்னால் தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தவர் இப்போது அறுபத்தாறு. எட்டு வாரமாக வாரம் தவறாமல் ரத்தம் பார்த்த டாக்டர் கடைசியில் கையை விரித்துவிட்டார்.

"ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா ஆள் கரைஞ்சுக்கிட்டே போறாரு. உள்ள எங்கயாச்சும் கட்டி இருக்கான்னு திங்கக்கிழமை ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

கட்டி என்ற அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அண்ணி தையல் மெஷினை மிதிக்கும் சத்தம்கூட மாறிவிட்டது. அண்ணனின் பேன்ட்டுகளை இதுவரை மூன்று முறை பிடித்துத் தைத்திருக்கிறாள். நான்காவது முறை பிடிக்கத் துணி இல்லை. இரண்டு பின் பாக்கெட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

இன்று சனிக்கிழமை.

நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற அண்ணனின் தங்கையை வீட்டில் எல்லோரும் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. ஒன்பது மணிக்கு வேன் வந்து பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. ஊரில் நாலைந்து இடங்களில் காலையில் எடுத்த ரத்தம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வரும். மூன்றாவது வரிசையில் அண்ணன் பெயர் ஒட்டிய இரண்டு குழாய்கள் இருந்தன.

மெஷின் பத்து நிமிடத்தில் எண்களைக் காட்டியது. வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. பொட்டாசியம் நாலு புள்ளி ஒன்று. மெக்னீசியம் ஒன்று புள்ளி ஏழு.

பாப்பா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். பேச்சுக்கு நடுவே அண்ணன் இரண்டு பாட்டில் தண்ணீரை நின்ற நிலையில் கவிழ்த்துக் குடித்தார். பிறகு "ஸ்ஸ்" என்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். காலுக்குள் யாரோ கயிறு திரிப்பதுபோல் சதை மேலும் கீழும் ஓடியதை அவள் கண்ணால் பார்த்தாள். ரத்தத்தில் மெக்னீசியம் அதலபாதாளத்தில் இருந்தால்தான் சதை அப்படித் தானாக ஓடும். இங்கே மெஷின் ஒன்று புள்ளி ஏழு என்கிறது. ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் சரியான அளவுதான்.

திரும்ப ஓட்டினாள். அதே எண்கள்.

அவள் மனதில் ஒன்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் அதை அடக்கவும் பார்த்தாள். முடியவில்லை. ஊதா மூடிக் குழாயைத் திறந்து, வெள்ளை ஓட்டின் மேல் மூன்று சொட்டு ரத்தம் வைத்து, ரத்த வகை பார்க்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்கினாள்.

அண்ணனுக்கும் அவளுக்கும் ஓ வகை. அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது பக்கத்துக் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுத்தது அண்ணன்தான். ஓ வகை ரத்தம் முதல் இரண்டு சொட்டிலும் அசையாமல் கிடக்க வேண்டும்.

இரண்டாவது சொட்டு திரிந்துபோயிற்று. செக்கச்செவேல் என்று பொடிப்பொடியாகப் பிரிந்து ஓட்டின் மேல் மணலாக நின்றது.

பி வகை.

குளிர்பெட்டியில் போன வாரக் குழாய் இன்னும் இருந்தது. அதையும் எடுத்துப் பார்த்தாள். அதுவும் பி.

பதினாறு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த மெஷினின் ரீங்காரம் முதல்முறையாக அவளுக்கு என்னவோ போலிருந்தது. குழாயின் மேல் அண்ணன் பெயர் இருக்கிறது, அண்ணன் பிறந்த தேதி இருக்கிறது. உள்ளே இருப்பது யாரோ. அந்த யாரோ வாரம் தவறாமல் வந்து, சட்டைக் கையைச் சுருட்டி, அண்ணனாக உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான்.

அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, இன்னிக்குக் காலையில அண்ணன் ரத்தம் குடுக்கப் போனாரா?"

"ஆறரைக்குப் போனாரே. கால் மணி நேரத்துல வந்துட்டாரு. ஏன் பாப்பா, ரிப்போர்ட்ல ஏதாச்சும்..."

"இல்ல அண்ணி. கையில பஞ்சு ஒட்டியிருந்துச்சா?"

"ஒட்டியிருந்துச்சு." அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. அந்தப் பஞ்ச ஒவ்வொரு வாரமும் நான்தான் பிச்சுப் போடறேன். ஒரு நாளும் அதுல ரத்தம் பாத்ததில்ல. வெள்ளை வெளேர்னு இருக்கும். ஊசி குத்தின அடையாளமும் கையில இருக்காது. உடம்புல ரத்தமே இல்லாமப் போச்சோன்னு ராத்திரியெல்லாம் எனக்கு அதே நினைப்பு."

அண்ணிக்கு ஏ வகை. இரண்டு பிரசவத்துக்கும் அவளுக்கு ரத்தம் பார்த்தது பாப்பாதான். அதனால் அண்ணி தன் ரத்தத்தைக் கொடுத்தனுப்பினாளோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போனாள். ஒரே அறை, ஒரு மேஜை, கை நீட்டி வைக்க ஒரு நாற்காலி, மூலையில் ஓர் எடை மெஷின். ஊசி போடும் அக்கா குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காலையில எங்க அண்ணன் வந்தாரா?"

"வந்தாரும்மா. நான்தான் எடுத்தேன். உங்க அண்ணனுக்கு நரம்பு தேடவே வேண்டாம், தொட்டதும் கிடைச்சிரும்."

"ஆள் எப்படி இருந்தாரு?"

அக்கா சிரித்தாள். "இதென்ன கேள்வி? நல்லா தாட்டியா, கும்முனு இருந்தாரு. தாடையில அந்த மச்சம். உன் மூக்குதான் அவருக்கும். ஐஞ்சு மாசத்துக்கு முன்னாடி உங்க வீட்டு விசேஷத்துல எடுத்த போட்டோ காட்டினியே, அப்படியே அதே ஆள்தான்."

அந்த போட்டோவில் அண்ணன் தொண்ணூற்றிரண்டு கிலோ.

"எடை பாத்தீங்களா அக்கா?"

"டாக்டர் கேக்கல, நாங்க பாக்கறதில்ல. ஆனா தொண்ணூறுக்குக் கொறையாதும்மா. அந்த நாற்காலி கிறீச்சுன்னுச்சே. போகும்போது உன்னையத்தான் விசாரிச்சாரு. 'இது பாப்பா கையிலதான போகும்? அவ நல்லாயிருக்காளா?'ன்னு கேட்டாரு. கூடப் பொறந்தவளை யாராச்சும் எங்கிட்ட வந்து விசாரிப்பாங்களா? எனக்கே சிரிப்பு வந்துச்சு."

பாப்பா வெயிலில் இறங்கி நடந்தாள். இவர் இளைத்த இருபத்தாறு கிலோவையும் யாரோ எடுத்து உடுத்திக்கொண்டு ஊருக்குள் நடமாடுகிறாரா? படித்தவள், குழாய்க்குள் இருப்பதை மட்டுமே நம்பிப் பழகியவள். அவளுக்கே தெருவில் எதிரே வந்த ஒவ்வொரு தடித்த ஆளையும் பார்க்கப் பயமாக இருந்தது.

அண்ணனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அவர் அன்று வேலை செய்தது பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் என்று அண்ணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நேரே அங்கே போனாள். சனிக்கிழமை என்பதால் ஆளரவம் இல்லை. கீழ்த்தளத்தில் லிப்ட் கதவு திறந்து கிடந்தது, "வேலை நடக்கிறது" என்று மஞ்சள் பலகை. லிப்ட் பெட்டி அங்கே இல்லை. அது ஏறி இறங்கும் சதுரக் கிணறு மட்டும் கருகருவென்று மேலே போனது. இரும்புக் கயிறுகள் மெல்ல ஆடின.

"அண்ணா!" என்று உள்ளே தலையை நீட்டிக் கத்தினாள்.

அவள் குரல் பன்னிரண்டு மாடியும் ஏறித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணனின் குரல் வந்தது. மிகவும் மெல்ல, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல்.

"பாப்பா... எனக்குக் கை வரல."

"எங்கே இருக்கே?"

"பெட்டி மேல. நாலாவது மாடி. விரல் மடங்கிக்கிச்சு. பட்டனை அமுக்க முடியல."

"அசையாதே! உக்காந்துக்கோ, அப்படியே உக்காந்துக்கோ!"

படியில் அவள் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. கட்டடக் காவலாளியும் அவளோடு ஓடிவந்து, நாலாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். லிப்ட் பெட்டியின் கூரைமேல், எண்ணெய்க் கறைக்கு நடுவில், அண்ணன் உட்கார்ந்திருந்தார். பாதுகாப்புப் பட்டையின் கொக்கி மாட்டப்படாமல் தொங்கியது. மாட்ட முயன்றிருக்கிறார், விரல் கேட்கவில்லை. இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, ஐந்து விரலும் குவிந்து, கண்ணுக்குத் தெரியாத எதையோ கிள்ளி எடுக்கப் போவதுபோல் விறைத்து நின்றன. முகத்தில் தோல் மட்டும்தான் மிச்சம். ஆணியில் தொங்கவிட்ட சட்டைபோல இருந்தார்.

"என் கையப் பாரு பாப்பா," என்றார், அதிசயத்தைக் காட்டுகிற குரலில். "என் கை மாதிரியே இல்ல."

காவலாளியும் அவளும் சேர்ந்து அவரை இழுத்துத் தரையில் கிடத்தினார்கள். தூக்கும்போது பாப்பாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் தோளில் அவளை உட்கார வைத்து ஓடிய அண்ணன், இன்று அவள் கையிலேயே கனக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் வேறு யாரையும் தொட விடவில்லை. தானே ஊசி போட்டாள். தானே குழாயை அடித்தளத்துக்கு எடுத்துப் போனாள். முதலில் வகை பார்த்தாள். மூன்று சொட்டில் முதல் இரண்டும் அசையாமல் கிடந்தன. ஓ. இது அண்ணனேதான்.

சர்க்கரை நானூற்று எண்பத்தாறு. பொட்டாசியம் இரண்டு புள்ளி ஒன்பது. மெக்னீசியம் புள்ளி எட்டு.

டாக்டர் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "கட்டியைத் தேடிப் பூதக்கண்ணாடி போட்டுக்கிட்டு இருந்தேன். இந்தச் சர்க்கரை ஒண்ணே போதும் ஒரு ஆளைக் கரைக்க. சர்க்கரை சிறுநீர்ல போகும்போது தண்ணியையும் இழுத்துக்கிட்டுப் போகும், உப்புச்சத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இருதயத்தையே பிடிச்சிருக்கும்."

சலைன் இறங்கியது, அதோடு மெக்னீசியமும். கொஞ்சம் கொஞ்சமாக அண்ணனின் விரல்கள் பிரிந்தன. தலைமாட்டில் நின்ற அண்ணி, கட்டி இல்லை என்று கேட்டதும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"வெறும் பஞ்ச ஒட்டிக்கிட்டு வந்து என்னை ஏமாத்தினீங்க! நான் உங்க பேன்ட்டைப் பிடிச்சுப் பிடிச்சு, உங்களுக்குக் கோடித் துணி எடுக்க வேண்டி வருமோன்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்தைகிட்ட என்ன சொல்ல? வந்துக்கிட்டு இருக்காங்க."

அண்ணன் திடுக்கிட்டார். "அம்மாகிட்ட யார் சொன்னது?"

"நான்தான் போன் பண்ணேன். பின்ன, பெத்தவங்களுக்குச் சொல்ல வேண்டாமா?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் காதருகில் உட்கார்ந்தாள்.

"ஏண்ணா இப்படிப் பண்ணே?"

"போன வருஷம் எங்க ஆள் ஒருத்தன் மயக்கம் வந்து ஆறாவது மாடிலேருந்து விழுந்தான். அப்பலேருந்து சர்க்கரை ஏறினா மேல அனுப்பமாட்டாங்க. மாசா மாசம் ரிப்போர்ட் காட்டணும். இல்லன்னா கீழ ஸ்டோர்ல உக்காந்து நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்கணும். இருபத்தஞ்சு வருஷம் மேல போன கால் பாப்பா இது. கீழ உக்காராது. ரெண்டு வாரம் ஒப்பேத்தினா மாத்திரையிலயே எறங்கிடும்னு நெனச்சேன். ரெண்டு எட்டாச்சு."

"அது சரி. அந்த ஆள் யாரு?"

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தாடையில மச்சம் இருக்காம். என் மூக்காம். என்னைப் பாப்பான்னு சொல்றாராம். யாருண்ணா?"

அண்ணன் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டு பேசினார்.

"அப்பா செத்த அன்னிக்குத் தெருமுனையில ஒருத்தர் நின்னாரு. உள்ள வரல. நான் திரும்பிப் பாத்தேன். கண்ணாடியப் பாத்த மாதிரி இருந்துச்சு. நடுங்கிப்போயிட்டேன். அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முந்தியே ஒரு வாழ்க்கை இருந்திருக்கு. ரொட்டிக் கடையில அடுப்புல வேலை செய்யறாரு. என்னைவிட மூணு வயசு மூத்தவரு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "எனக்கே அண்ணன் பாப்பா. உனக்குப் பெரியண்ணன்."

அண்ணியின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

பாப்பாவுக்குக் கோபம் வரும் என்று அண்ணன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கோபப்படவில்லை. எழுந்து போய், எட்டு வாரத்துத் தாள்களையும் அச்சடித்து எடுத்து வந்து கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பினாள்.

"அண்ணா, இதப் பாரு. சர்க்கரை முதல் வாரம் தொண்ணூத்தாறு. அப்புறம் நூறு, நூத்தி நாலு, நூத்தி ஒம்பது. இன்னிக்கு நூத்திப் பதினெட்டு. மெக்னீசியம் ரெண்டு புள்ளி ஒண்ணுலேருந்து ஒண்ணு புள்ளி ஏழுக்கு வந்திருக்கு. பத்து வருஷமா மாத்திரை சாப்பிடற உன் பேருக்கு இது நல்ல ரிப்போர்ட். டாக்டர் சபாஷ்னு எழுதிட்டாரு. ஆனா மாத்திரையே சாப்பிடாத மனுஷனுக்கு?"

அண்ணன் தாள்களையே வெறித்துப் பார்த்தார்.

"அவருக்கும் ஆரம்பிச்சிருச்சு அண்ணா. எட்டு வாரமா அவர் ரத்தம் எங்கிட்ட வந்து சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. உன் பேரு ஒட்டியிருந்ததால யார் காதுலயும் விழல."

அண்ணனின் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் சொன்ன எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லு தம்பி."

தொண்டையைச் செருமிவிட்டு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து முடிக்கும் அந்தக் குரல், இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோன அப்பாவின் குரல். அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"நான்... அவரு தங்கச்சி பேசறேன்."

அந்தப் பக்கம் ரொட்டித் தட்டு ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தம்பிக்கு ஏதாச்சும்?"

"பொழச்சிட்டாரு. நீங்கதான் இங்க வந்து காட்டணும். உங்க ரத்தத்துல சர்க்கரை ஏறுது. இப்பவே பாத்தா மருந்து இல்லாமலே நிறுத்திடலாம். நாளைக்கு வெறும் வயித்துல வாங்க. உங்க சொந்தப் பேர்ல எழுதி எடுக்கணும்."

"என் பேர்லயா?" அவர் தயங்கினார். "தம்பி கேட்டான்னுதான் முதல் வாரம் போனேன்மா. தப்புன்னு தெரியும். அடுத்த வாரமே வரலேன்னு சொல்லியிருக்கணும். ஆனா ஊசி போடற அந்த அம்மா மொதல்ல பேரைக் கேக்கும், அடுத்து தகப்பன் பேரைக் கேக்கும். நான் அப்பா பேரைச் சத்தமாச் சொல்லுவேன். அந்த அம்மா எழுதிக்கும். அதுக்காகவே வாரா வாரம் போனேன்." மறுபடியும் தொண்டையைச் செருமினார். "என் சொந்தப் பேர்ல எழுதினா, தகப்பன் பேர்னு இருக்கற எடத்துல என்னம்மா எழுதறது? அவர் பேரை எழுதலாமா?"

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அண்ணனின் கண்ணோரத்தில் நீர் வழிந்து தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"எழுதுங்க அண்ணா," என்றாள் பாப்பா. "அப்பா பேரையே எழுதுங்க."

அப்போது அண்ணியின் பிடி அவள் தோளில் இறுகியது.

வாசலில் ஃபிளாஸ்கும் கையுமாக அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டிலில் கிடந்த மகனை அவள் பார்க்கவில்லை. பாப்பாவின் கையில் இருந்த போனை, அதிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்த அந்தக் குரலை, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.